மிதிவண்டியில் மலைநாடு

விடுமுறை என்ற சொல்லுக்குப் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. ஊருக்குப் போதல் என்பதே அப்பொருள். பள்ளி மூடிய மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு, கன்டோன்மென்ட் நிலையத்தில் இரயிலேறி, பங்காருப்பேட்டையையும் சோலையார்பேட்டையையும் கடந்து, சொந்த ஊர்த் திண்ணையில் போய் அமர்ந்தால் விடுமுறை தொடங்கிற்று என்று கொள்வோம். எங்கே போவது, எதற்காகப் போவது என்ற வினாக்களுக்கு அங்கே இடமே இல்லை. இன்று அந்தத் திண்ணைகள் பலவும் இடிந்துவிட்டன. அவற்றில் அமர்ந்து நம்மை எதிர்கொண்டவர்களும் மறைந்துவிட்டனர். ஆகவே, நம் பிள்ளைகளின் தலைமுறைக்கு விடுமுறை என்பது தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. தேர்வு என்று வந்துவிட்டால் அதன் பின்னே பொறுப்பும் வந்துவிடுகிறது. எங்கள் குடும்பம் வெளிநாட்டு மலைகளில் மிதிவண்டி ஓட்டித் திரும்பும் ஒரு பயணத்தைத் திட்டமிட்டு வரும் இம்மாதங்களில், அந்தப் பொறுப்பைப் பற்றியே மிகுதியும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அவ்வெண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் மகளுக்கு அகவை பதினைந்து, மகனுக்குப் பன்னிரண்டு. இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நகரின் தென்புறத்துத் துரஹள்ளிக் காட்டின் செம்மண் தடங்கள்தாம். அகன்ற டயரும் முன்புறத்தில் அதிர்ச்சி தாங்கும் வில்லமைப்பும் கொண்ட மலை மிதிவண்டிகளைக் கல்லிலும் வேரிலும் ஏற்றி இறக்குவதில் அவர்களுக்கு அப்படி ஒரு களிப்பு. இவ்விளையாட்டின் வரலாறும் நெடியதன்று. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டாமல்பைஸ் என்னும் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளைச் செப்பனிட்டு இறங்கி விளையாடியதில் இது உருப்பெற்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. ஆடம்பரப் பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோமோ என்று முதலில் தயங்கினோம். ஆயின், காலால் மிதித்தாலன்றி நகராத ஓர் ஊர்தியில் ஆடம்பரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நந்தி மலை எங்களுக்கு உணர்த்திற்று. பெங்களூரு கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 920 மீட்டர். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் ஏற்றத்தில், எப்பேர்ப்பட்ட விலையுயர்ந்த வண்டிக்காரரும் வியர்வையில்தான் நனைகிறார்.

“இனி ஒரு வெளிநாட்டு மலை” என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியபோது, எந்த நாடு என்பதில் வீடு பலவாறாகப் பிரிந்தது. மகன் விரும்பியது சுவிட்சர்லாந்து. ஆல்ப்சு மலையூர்கள் பலவற்றில், நம் பழனியில் காணும் ரோப்கார் போன்ற ஊர்திகள், மிதிவண்டியையும் ஆளையும் ஒருசேர உச்சியில் சேர்த்துவிடும். இறங்குவது மட்டுமே நம் வேலை. மகள் நேபாளம் என்றாள். நாங்கள் இருவரும் பூட்டானின் பள்ளத்தாக்குகளை எண்ணியிருந்தோம். ஆல்ப்சுக்கு நால்வர் போய்வரும் விமானக் கட்டணமே எங்கள் கைக்கு மீறியது. அதைவிட, ஏறாமல் இறங்கும் மலையில் பிள்ளைகள் மலையை அறிவார்களா என்ற ஐயமும் எழுந்தது. அப்போதுதான், பெங்களூருவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், 2,500 மீட்டருக்குமேல் உயர்ந்த பீதுருதாலகால மலையும், அதைச் சூழத் தேயிலைக் குன்றுகளும் கொண்ட ஒரு மலைநாடு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இலங்கையின் மலையகத்தைத் தேர்ந்தோம். பிள்ளைகளும் தோட்டத்துத் தடங்களின் படங்களைக் கண்டு மகிழ்ந்து இசைந்தனர்.

இசையாதவர் ஒருவரே. அவர் பிள்ளைகளின் பாட்டி; எங்களுக்குத் தாயார். “நம்ம சனங்க நடந்தே செத்த மலை அது. அங்க போயா வண்டி விட்டு விளையாடப் போறீங்க?” என்று அவர் கேட்டார். அதற்குமேல் அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

அவருடைய வினாவுக்கு விடை சொல்ல வேண்டுமானால், எங்கள் குடும்பத்தின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் இருந்தனர். மழை பொய்த்த ஆண்டொன்றில் இருவரும் ஊரைவிட்டு வெளியேறினர். அண்ணன் கோலார் தங்கவயலுக்கு வந்தார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால்கொண்டு, 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்கள், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாயிருந்தன. அந்த வெப்பத்தில் பாறை உடைத்தவர்களில் ஒருவர் எங்கள் தாயாரின் பாட்டனார். தம்பியோ கங்காணி ஒருவருடன் கடல் கடந்தார். மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பலில் ஏறி, அப்புத்தளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார். ஒருவர் தமிழர் உழைப்பை மண்ணின் ஆழத்துக்குக் கொண்டு சென்றார். மற்றவர் மலையின் உயரத்துக்குக் கொண்டு சென்றார். தம்பி வழியினரிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் 1970களின் நடுவில் நின்றுபோயின. தோட்டங்கள் பஞ்சத்தில் வாடியதும், அரசுடைமையானதும், பலர் தாயகம் திருப்பப்பட்டதும் அக்காலத்தில்தான். அவர்கள் அங்கேயே இருக்கின்றனரா, நீலகிரிக்கு வந்தனரா, அன்றி நம் கருநாடகத்திலேயே புத்தூர், சுள்ளியா வட்டங்களில் தாயகம் திரும்பியோர்க்காக அமைந்த இரப்பர்த் தோட்டங்களில் குடியேறினரா என்பதைத் தாயார் அறியார். அவரிடம் எஞ்சியிருப்பது தோட்டத்தின் பெயர் எழுதிய ஓர் உறை மட்டுமே.

பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லத் தொடங்கியபோது, பயணத் திட்டமே ஒரு பாடமாக மாறிற்று. இலங்கையில் 1820களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பழம் பறிக்கும் பருவத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போய், வேலை முடிந்ததும் திரும்பினர். இராமேசுவரக் கரையிலிருந்து படகில் மன்னாரை அடைந்து, காட்டு வழியே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து மாத்தளையைச் சேர்ந்தனர். பசியும் வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைப் பலிகொண்டன. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தேயிலை காப்பியைப் போன்றதன்று. ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ள வேண்டும். எனவே ஆட்கள் திரும்பவில்லை, குடும்பத்தோடு தங்கினர். ஒரு செடியின் இயல்பு மாறியதனால் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வே மாறிற்று என்பது வியப்பன்றோ?

தங்கியவர்க்கு நாடு உரிமையாயிற்றா? இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் முடிவாயிற்று. யாரும் அந்த மக்களைக் கேட்டுப் பங்கிடவில்லை. நாடற்ற நிலை சட்டத்தின் ஏட்டில் பெருமளவு நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிழைப்புத் தேடி இன்னொரு மாநிலத்தில் வேரூன்றிய நமக்கு இச்செய்தி வெறும் வரலாறாகத் தோன்றாது. நம் பாட்டன் எந்தக் கங்காணியின் பின்னே போனார் என்பதில் இருக்கிறது, நாம் இன்று எந்த நாட்டின் குடிமக்கள் என்பது.

தாயாரின் மறுப்பில் உண்மை இருந்தது. ஆயினும், துன்பம் நிகழ்ந்த இடத்துக்குச் செல்லாதிருப்பதனால் மட்டும் துன்பப்பட்டவர்களைப் போற்றியதாகிவிடாது என்றும் எங்களுக்குத் தோன்றிற்று. இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். தாமும் உடன் வருவதாகவும், முதல் நாள் சக்கரத்தைத் தொடாமல், மாத்தளையில் பிள்ளைகள் சிறிது தூரமேனும் நடக்க வேண்டும் என்றும் கூறினார். மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023 சூலை 28 முதல் ஆகஸ்டு 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் தோழர்களும் நடந்தே சென்றதைச் செய்தியில் படித்து, அந்நறுக்கைத் தாயார் எடுத்து வைத்திருந்தார். ஆகவே எங்கள் பயணத்தின் முதல் நாள் மாத்தளையின் வடபுறத்தில் கால்நடையாகத் தொடங்கி, முத்துமாரியம்மன் கோயில் வாயிலில் முடியும்.

அடுத்து எழுந்தது பருவம் பற்றிய வினா. மலையகத்தின் மேற்குச் சரிவை மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. கிழக்குச் சரிவு ஆண்டின் இறுதியில் வடகிழக்கு மழையைப் பெறுகிறது. நம் பள்ளிகளின் நெடு விடுமுறையோ ஏப்ரலிலும் மேயிலும் வருகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் கூட்டம் நெரியும். விடுதிக் கட்டணமும் ஏறும். எனவே புத்தாண்டுக் கொண்டாட்டம் ஓய்ந்தபின், ஏப்ரலின் கடைசி வாரத்தைக் குறித்தோம். அக்காலத்தில் பிற்பகலில் இடிமழை வரும். ஆதலின் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் வண்டியை நிறுத்திவிடுதல் என்பது எங்கள் முதல் விதி.

உயரத்தைப் பற்றிய அச்சம் தேவையில்லை. நுவரெலியா 1,868 மீட்டர். நாம் பலமுறை போய்வரும் உதகையோ 2,240 மீட்டர். லடாக்கின் கணவாய்களில் வரும் மூச்சுத் திணறல் இங்கே இல்லை. சோதிப்பது உயரமன்று, சரிவுதான். அதற்குக் கியர் கணக்கை அறிதல் வேண்டும். பெடலோடு சேர்ந்த முன்சக்கரத்தில் 32 பல்லும், பின்னே மிகப் பெரிய பல்சக்கரத்தில் 51 பல்லும் இருந்தால், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே உருளும். தூரம் குறையும், ஆனால் பன்னிரண்டு வயதுக் கால்களாலும் ஏற இயலும். இறக்கத்தில் பிரேக்கை விடாது அழுத்திப் பிடித்தால் அது சூடேறி வலுவிழக்கும்; வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். பழகிய பிரேக்கே பாதுகாப்பு என்பதனால் சொந்த வண்டிகளையே கொண்டு செல்கிறோம். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டயரின் காற்றைக் குறைத்து, கடைக்காரரிடம் வாங்கிய அட்டைப் பெட்டியில் அடைக்கும் கலையை மகள் கற்றுக்கொண்டாள். பஞ்சர் ஒட்டுவது மகன் பொறுப்பு.

பயிற்சிக்கும் ஒரு முறை வகுத்தோம். வாரந்தோறும் துரஹள்ளி, மாதம் இருமுறை நந்தி, புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நான்கு நாள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே 36 கொண்டையூசி வளைவுகளில் உதகைக்கு ஏறும் பாதை, தேர்ந்த வீரர்க்கே உரியது. அதைப் பிள்ளைகளுக்கு விலக்கிவிட்டோம். நீலகிரியில் தங்கும் நாள்களில், தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களையும் காண்போம். தம்பியின் வழியினரைப் பற்றி அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம் என்பது தாயாரின் உள்ளக்கிடக்கை.

பாதை மிகச் சிறியதே. மாத்தளையிலிருந்து வாடகை ஊர்தியில் பண்டாரவளை சென்று ஒரு நாள் ஓய்வு. அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 1,430 மீட்டர் வரை மெல்லிய ஏற்றம். மறுநாள் தம்பேதென்னைத் தோட்டம். அங்கே 1890இல் தாமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இருக்கிறது. அதற்குமேல் ஏழு கிலோமீட்டர் தோட்டத்து வழியே ஏறினால், அவர் அமர்ந்து தம் உடைமையை நோக்கியதாகச் சொல்லப்படும் இடம் வரும். இயலாதவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள், உறையில் பெயர் எழுதிய தோட்டம். இறுதியாக எல்ல வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இறக்கம். இரும்புச் சட்டமின்றிக் கல்லும் செங்கலும் சிமெண்டும் கொண்டு எழுப்பிய ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு முடிப்போம். ஐந்து நாளில் நூறு கிலோமீட்டரும் தேறாது. தாயார் ஊர்தியில் பின்னே வருவார்.

திட்டம் இந்த அளவுக்கு முதிர்ந்திருந்த வேளையில், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கிற்று. மலைச்சரிவுகள் பெயர்ந்தன, பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் ஊர்களும் சாலைகளும் இரயில் பாதையும் சிதைந்தன. தீவெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாத்தளை நீங்கலாக, நாங்கள் குறித்த ஊர்கள் அனைத்தும் பதுளை மாவட்டத்தவை. போகலாமா என்று வீட்டில் மறுபடியும் ஆராய்ந்தோம். மகன், “அவர்கள் வீடு இழந்த இடத்தில் நமக்கு என்ன விளையாட்டு?” என்று பாட்டியின் குரலிலேயே கேட்டான். இம்முறை விடை தந்தவர் தாயார். இழவு வீட்டுக்குப் போகாதிருப்பது முறையா என்று அவர் கேட்டார். ஆயினும் துணிவு வேறு, அறியாமை வேறு. அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை நிறம் குறித்து வெளியிடுகிறது. அதைப் பார்த்தும், உள்ளூர் விடுதிக்காரர் சொல்லைக் கேட்டுமே ஒவ்வொரு நாளின் வழியும் உறுதியாகும். பாதை மூடியிருந்தால் வண்டிகள் பெட்டியிலேயே இருக்கும். உறவு தேடும் வேலை மட்டும் நடக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை என்பதே எங்களுக்கு நிறைவு.

நடத்தை பற்றியும் சில விதிகளை எழுதி வைத்திருக்கிறோம். தோட்டத்து வழிகள் நிருவாகத்துக்கு உரியவை. இசைவு பெறாமல் நுழைதல் கூடாது. கொழுந்துக் கூடையுடன் எதிரே வருபவர்க்கு இறங்கி வழிவிட வேண்டும். அவர்க்கு அது வேலை நேரம், நமக்குத்தான் விடுமுறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக வெள்ளையர் காலத்தில் கட்டிய லயன் வீடுகள் இன்றும் மக்கள் வாழும் இல்லங்கள். அவற்றின் முன் நின்று கேளாமல் படம் பிடித்தல் கூடாது. தங்குவதும் உண்பதும் இயன்றவரை அவ்வூர் மக்களின் கடைகளில். அட்டைக்கடிக்கு உப்பும் சோப்பும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்!

எதிர்பாராத ஒரு பயனையும் சொல்ல வேண்டும். எங்கள் மகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறாள். தமிழ் அவளுக்கு வீட்டுப் பேச்சு; எழுத்தன்று. எத்தனையோ முறை எழுத்துக் கற்பிக்க முயன்றும் அவள் மனம் பற்றவில்லை. இலங்கையிலோ சாலைப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளும் நிற்கின்றன. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. “பலகையில் இருப்பதைத் தம்பிக்கு யார் படித்துச் சொல்வது?” என்று பாட்டி கேட்டதும், அவளுக்குச் சிறிது தன்மானம் வந்தது. இப்போது நாள்தோறும் நிலப்படத்தை விரித்து, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எழுத்துக் கூட்டுகிறாள். மிதிவண்டிக்கு அங்கே துவிச்சக்கர வண்டி என்று பெயர் என்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். சென்ற வாரம், பாட்டியின் பழைய உறையில் இருந்த தோட்டப் பெயரைத் தானே படித்துவிட்டாள். மை மங்கிய அந்த எழுத்துகளை, பார்வை குறைந்த பாட்டிக்கு அவள் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது.

உறவினர் எவரையும் நாங்கள் கண்டுபிடிக்காமற் போகலாம். அரை நூற்றாண்டு இடைவெளி சிறிதன்று. ஆயின், பேருந்திலும் மகிழுந்திலும் விரைபவர்க்கு மலை ஒரு காட்சி, மூச்சிரைக்க மிதித்துச் செல்பவர்க்கோ, வழியில் நின்று தண்ணீர் கேட்கவும், “நீங்க எந்த ஊரு?” என்ற வினாவுக்கு நின்று விடை சொல்லவும் நேரம் உண்டு. அந்த வினாவுக்குப் பெங்களூரு என்றும், கோலார் என்றும், சேலத்துப் பக்கம் என்றும் மூன்று விடை சொல்லக் கூடிய பிள்ளைகளாக எங்கள் பிள்ளைகள் போய்வர வேண்டும் என்பதே எங்கள் விழைவு. நம்மில் பல குடும்பங்களில் பெட்டியின் அடியில் இத்தகைய உறை ஒன்று இருத்தல் கூடும். மலேசியாவோ, பர்மாவோ, பிஜியோ, தென்னாப்பிரிக்காவோ, அதில் எழுதிய ஊர் எதுவாயினும், அடுத்த விடுமுறைக்கு நிலப்படத்தை விரிக்குமுன் அதை எடுத்துப் பிள்ளைகளிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள்.